செக்போஸ்ட்டுக்கு மேலே மழை, கீழே வெயில்

போன மாதம் நம் பெண்கள் ஐக்கியத்தில் ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போட்டிருந்தபோது, மழை வராமலிருக்க ஆளுக்கு ஒரு நிமிடம் ஜெபிக்கச் சொன்னீர்கள். வரிசையாக எல்லோரும் ஜெபித்து என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்துப் பார்த்தாள். பிறகு காபி குடிக்கும்போது, "அக்காவுக்கு யார் மேல கோவம்?" என்று கேட்டீர்கள். கோபமெல்லாம் இல்லை. மழையைப் பற்றி ஆண்டவரிடம் பேச எனக்குப் பயம். சிரிக்காதீர்கள். அறுபது தாண்டியும் விடாத பயம் அது. எங்கே பிடித்தது என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் கேசரி பரிமாறுவதில் மும்முரமாக இருந்தீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு அப்போது பத்து வயது. போடியில் எங்கள் சபை மிகச் சின்னது. ஊரே வேறு சாமிகளைக் கும்பிட, ஓட்டுக் கூரை போட்ட ஒரு கோயிலில் நாங்கள் ஒரு கைப்பிடிப் பேர் பாயில் உட்கார்ந்து ஆராதிப்போம். அதில் பாதிக் குடும்பங்களுக்கு மலையில் ஏலக்காய்ச் சோலி. மீதிப் பாதிக்கு ஊரில் இலவம் பஞ்சுச் சோலி. இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம்.

என் அப்பா மலைக்காரர். மலை உச்சியில் கேரள எல்லைச் செக்போஸ்ட் இருக்கிற போடிமெட்டுக்கு அப்பால் குத்தகைக்கு எடுத்த ஒரு சின்ன ஏலத்தோட்டம் அவருக்கு இருந்தது. திங்கட்கிழமை விடியும் முன்னே ஜீப்பில் ஏறினால் வாரக் கடைசியில்தான் இறங்குவார். வந்ததும் அவர் கழற்றிப் போடுகிற கம்பளிக் குல்லாவை நான் எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வேன். ஏலக்காய், விறகுப் புகை, ஜீப்பின் டீசல் எல்லாம் சேர்ந்து அதில் ஒரு வாசம் இருக்கும். இப்போது கடையில் வாங்குகிற ஏலக்காயில் அந்த வாசம் பாதிகூட இல்லை, என் மருமகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அத்தை பஞ்சுக்காரி. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். மாமா இறந்துபோன பிறகு சிலமலைக்குப் போகிற வழியில் இருந்த களத்தை அவளே நடத்தினாள். மரத்திலிருந்து இறக்கிய இலவங்காயைக் களத்தில் கொட்டி, வெயிலில் வெடிக்க விட்டு, ஓட்டை உடைத்துப் பஞ்சைப் பரப்பி, மேலே வலை கட்டிவிடுவார்கள். வலையைக் கட்டினாலும் பஞ்சு நிற்குமா? காற்றடித்தால் களமே புகையும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குச்சியால் தட்டிவிட்டு அத்தை நிமிரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் ஓடுவேன். என் எண்ணெய்த் தலையில் ஒட்டிய பஞ்சை எடுக்க அம்மா ஒரு மணி நேரம் திட்டுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி, சித்திரையில்தான் ஏலச்செடி அடியில் சரம் விட்டுப் பூப் பிடிக்கும். அப்போது ஒரு நல்ல கோடை மழை விழுந்தால்தான் செடிக்கு உயிர், அந்த வருஷத்துக்கு விளைச்சல். அதே பங்குனி, சித்திரையில்தான் இலவம் பஞ்சு களத்தில் திறந்து கிடக்கும். அதன் மேல் ஒரு மழை விழுந்தால் எல்லாம் போச்சு. தம்பிக்கு மழை வேண்டும், அக்காவுக்கு வெயில் வேண்டும். நல்ல வருஷங்களில் இது வெறும் கேலிப் பேச்சாகத்தான் இருந்தது. "ஒன் மழைய மலையிலேயே வச்சுக்கப்பா" என்பாள் அத்தை. "ஒன் வெயில அடுப்புல வச்சுக்க" என்பார் அப்பா. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து குழம்புக் கிண்ணம் போகும், அந்தப் பக்கமிருந்து பொரியலோடு திரும்பி வரும்.

நான் சொல்கிற வருஷத்தில் கேலி நின்றுவிட்டது. அதற்கு முந்தைய பருவத்திலேயே மலையில் மழை ஏமாற்றிவிட்டது. அப்பா இருந்ததையெல்லாம் போட்டு வைத்த இளஞ்செடிகள் இலை சுருண்டு நின்றன. கோடை மழையும் பொய்த்தால் தோட்டம் மிஞ்சாது. அத்தையோ அந்த வருஷம் எப்போதும் இல்லாத அளவுக்கு மரங்களைக் குத்தகை பேசி, காய் இறக்கியிருந்தாள். களம் கொள்ளாமல் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் அது வாழ்வா சாவா என்கிற வருஷம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அப்பா முழங்காலில் நின்று மழை கேட்டார். அப்பாவின் ஜெபத்துக்குச் சபையில் பெரிய பேர். அவர் குரலெடுத்தால் ஓடு அதிரும். கேட்டதை வாங்காமல் எழுந்திருக்கமாட்டார் என்று பேசிக்கொள்வார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. அவர் முடித்ததும் மலைக்காரர்கள் ஓங்கி ஆமென் போட்டார்கள். அடுத்து பெண்கள் பக்கமிருந்து அத்தை வெயில் கேட்டாள். பஞ்சுக்காரர்களின் ஆமென் அதற்கும் மேலே போனது. நான் அத்தையின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் இப்போது யார் பக்கம் திரும்புவார் என்று கூரையைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே கிண்ணம் வரவில்லை.

சபையை நடத்திய உபதேசியார் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார். இப்போது எண்ணிப் பார்த்தால் அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. எங்களுக்கு அவர் மோசேயைப் போலத் தெரிந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"ஆண்டவரால ஆகாதது ஒண்ணு இருக்கா? அப்புறம் நாம எதுக்குச் சண்ட போடணும்? போடிமெட்டுச் செக்போஸ்ட்டுக்கு மேல மழை. செக்போஸ்ட்டுக்குக் கீழ வெயில். சபையா ஒருமனப்பட்டு இப்படிக் கேப்போம்."

எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடி, ஆண்டவருக்குச் செக்போஸ்ட் இருக்கிற இடத்தை விளக்கமாகச் சொன்னார்கள். அப்பா அதோடு நிற்கவில்லை. பெற்றுக்கொண்டாயிற்று என்று இப்போதே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று எழுந்து, பெய்யாத மழைக்குச் சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். அத்தை அழுதுவிட்டாள். திரும்பி வரும்போது அக்காவும் தம்பியும் சேர்ந்தே நடந்தார்கள். எனக்கு உலகமே சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் மேற்கே மலை கறுத்தது. நான் களத்தில் இருந்தேன். பக்கத்துக் களங்களில் ஆண்களும் பெண்களும் கத்திக்கொண்டு பஞ்சை அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். தார்ப்பாய் இழுக்கிற சத்தம், கூடை கேட்டுச் சண்டை. அத்தையும் பனையோலைக் கடகப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அந்த வாரம் உபவாசத்துக்காக ஊரில் தங்கிவிட்ட அப்பா, சைக்கிளில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாக்கா! மேல எப்படிக் கறுத்துக்கிட்டு நிக்குது! கேட்டது வந்துருச்சு."

"கீழயும் வந்துருமோனு இருக்குப்பா. அள்ளிப்புடுவோமா?"

அப்பா முகம் மாறியது. "அக்கா, சபையாக் கேட்டிருக்கோம். நேத்து ஸ்தோத்திரம் பண்ணிட்டு இன்னைக்கு அள்ளுனா என்ன அர்த்தம்? வாயில விசுவாசம், கையில சந்தேகமா? எடுக்காத."

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்தாள். வேலைக்கு வந்த பெண்களிடமும் சும்மா இருக்கச் சொன்னாள். அடுத்த களத்துக்காரர் வேலியருகே வந்து, "ஏத்தா, என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? அள்ளுங்க!" என்று கத்தினார்.

"எங்களுக்குப் பெய்யாதுண்ணே" என்றாள் அத்தை.

அந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் பெருமையோடு அவரைப் பார்த்தேன். முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

அது மழையா? வானத்தைக் கிழித்துவிட்டது போலக் கொட்டியது. அப்போதும் அப்பா நகரவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு, "இது தாண்டிப் போயிரும், மேல போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தைதான் முதலில் ஓடினாள். பிறகு எல்லோரும் ஓடினோம். ஓடி என்ன? வெள்ளையாகப் பொங்கி நின்ற களம், தண்ணீரில் போட்ட அப்பளம் போல ஒட்டிப் படுத்துவிட்டது. அள்ளினால் கையில் சேறும் நாருமாகத்தான் வந்தது. உடைக்காத காய்கள் வாய்க்காலில் மிதந்து போயின. நான் ஒரு காயைத் துரத்திக்கொண்டு போய் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த களத்தில் தார்ப்பாய்க்குக் கீழே பஞ்சு பத்திரமாக இருந்தது.

மழை விட்ட பிறகு அத்தை சேலையைப் பிழிந்துகொண்டே அப்பாவிடம் வந்தாள். அவள் சொன்னாள்: "சரி, விடு. ஒன் செடியாவது பொழைச்சிருச்சுல்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவைத் தேடி ஜீப் டிரைவர் வந்தார். "அண்ணே, நேத்து இங்கன செம மழையாமே? மேல தூசி பறக்குதுண்ணே. செக்போஸ்ட்டுக்கு மேல ஒரு பொட்டு விழல. அதுவரைக்கும் ரோடு நனைஞ்சிருக்கு, அதுக்கங்கிட்டு அப்படியே காஞ்சு கெடக்கு."

அம்மா கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. அப்பா பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாங்கள் போட்டுக் கொடுத்த எல்லைக்கோட்டை ஆண்டவர் அப்படியே வைத்துக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் மட்டும் மாற்றிவிட்டார். இத்தனை வருஷமாக வேதம் படிக்கிறேன், இதற்கு இன்னும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம்.

அப்பா அன்று கோயிலுக்கு வரவில்லை. அத்தை வந்தாள். நகக்கண்ணில் சேறு போகவில்லை. அவளைப் பார்த்ததும் உபதேசியாருக்குப் பிரசங்கம் தடுமாறியது. நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று, இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தைச் சொன்னோம். பிறந்ததிலிருந்து சொல்கிற ஜெபம், வாய் தன்னால் போகும். ஆண்டவருடைய சித்தம் நடக்கட்டும் என்கிற வரி வந்தபோது என் பக்கத்தில் குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றன்றைக்கு வேண்டிய அப்பத்தைக் கேட்கிற அடுத்த வரி வந்ததும் மறுபடியும் எல்லோரோடும் சேர்ந்துகொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை விட்டுவிடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வரும் வழியில் கேட்டேன். "அத்தை, நடுவுல ஒரு வரிய விட்டுட்டீகளே?"

"பொய் சொல்லச் சொல்றியா ஆத்தா? வாயில வரல. வரும்போது சொல்றேன். அவருக்கும் அது தெரியும்."

"வராமலே போயிட்டா?"

அவள் என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள். ஆண்டவரை விட்டு அத்தை போய்விடுவாளோ என்ற பயம் அன்றுதான் எனக்குள் புகுந்தது. அப்பா ஏற்கெனவே போய்விட்டார் என்றே நினைத்தேன். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் இல்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எழுந்து போய்விடுவார்.

உபதேசியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். சபையில் யாரோ மறைத்த பாவம் இருக்கிறது, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று மெதுவாக ஆரம்பித்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. "அந்தப் பாவம் பஞ்சுல இருந்துச்சா, செடியில இருந்துச்சாய்யா? கேட்டுச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்." அவர் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். இன்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார் போல.

பள்ளி விடுமுறை விட்டிருந்தது. அப்பா மலைக்குக் கிளம்பியபோது அம்மா என்னையும் கூட அனுப்பினாள். அவரைத் தனியாக விடாதே என்று என் காதில் சொன்னாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று அம்மா பயந்தது பெரியவளான பிறகுதான் புரிந்தது.

ஜீப்பில் வேலைக்குப் போகிற பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டியது. தோட்டத்தில் இறங்கினால், நிழல் மரங்களுக்குக் கீழேயே செடிகள் வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடந்தன. மண்ணில் படர வேண்டிய சரங்கள் தொட்டால் ஒடிந்தன. பூவே இல்லை. அப்பா ஒவ்வொரு செடியாகத் தொட்டுக்கொண்டே போய், தோட்டத்து நடுவில் சருகின் மேல் உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். முதலில் என்னிடம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"ஒனக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லு. அவ புருசன் இல்லாதவ. அவ பஞ்ச ஏன் எடுத்த? எனக்குக் குடுக்கலைனா போ, அவளுக்கு ஏன் செஞ்ச?"

ஆண்டவரிடம்தான் பேசுகிறார். கோயிலில் தேவரீர் என்றும் கிருபாசனம் என்றும் அடுக்குகிற என் அப்பா, சந்தையில் ஆளைப் பிடித்து நிறுத்திச் சண்டை போடுகிற மாதிரி பேசினார். இடி விழும் என்று நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டேன். இடி விழவில்லை. மழையும் விழவில்லை. எங்கேயோ கோடாரிச் சத்தம் கேட்டது. அப்பா கத்தித் தீர்த்தார், அழுதார், மூக்கைச் சிந்தினார். வெகுநேரம் கழித்து, களைத்துப்போன குரலில் சொன்னார்:

"சரி. செடி ஒன்னோடது. நானும் ஒன்னோடது. என்னமும் செஞ்சுக்க. நான் எங்கிட்டும் போகல."

அவ்வளவுதான், ஆமென்கூட இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, காய்ந்த தட்டைகளை வெட்ட ஆரம்பித்தார். சிலவற்றின் அடியில் கிழங்கு இன்னும் பச்சையாக இருந்தது. அவற்றுக்குச் சருகை அணைத்துவிட என்னைக் கூப்பிட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ பெரிய ஊழியக்காரர்களின் ஜெபத்தைக் கேட்டுவிட்டேன். அன்று கேட்டது போல ஒன்றை நான் கேட்டதில்லை.

ஊருக்கு இறங்கியதும் அவர் வீட்டுக்குக்கூட வராமல் நேரே களத்துக்குப் போனார். அத்தை கறுத்துப்போன பஞ்சில் தேறுவதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் எதிரில் குந்தினார்.

"அள்ள வேணாம்னு சொன்னது அவரு இல்லக்கா. நான்."

"தெரியும்ப்பா" என்றாள் அத்தை, நிமிராமலே. "பெட்டியக் கீழ வச்சது நீ இல்ல. நான்."

அப்பா ஒரு குவியலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வந்தார். ஜெபிக்கச் சொன்னபோது அவர் குரல் பின்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. அவருக்கு முன்பிருந்த பேர் அத்தோடு போய்விட்டது.

அத்தை மட்டும் அந்த வரியில் நின்றாள். மழைக்காலம் வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, புது வருஷம் வந்தது. கூலி வேலைக்குப் போய்க் கஞ்சி குடித்தாள், ஒரு ஞாயிறு தவறவில்லை. ஒவ்வொரு வாரமும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில் அவள் ஊமையாகிவிடுவாள். அப்பா ஆண்கள் பக்கமிருந்து ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். ஆனால் ஒருநாளும் அவளை அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அடுத்த பங்குனியில் யார் யாரையோ பிடித்துக் கொஞ்சம் மரங்களைப் பேசி, அத்தை மறுபடியும் களத்தில் காய் பரப்பினாள். அப்பா மலையில் இருந்தார். மிஞ்சிய கிழங்கிலிருந்து வந்த முளைகளுக்கு அவரும் மழையை எதிர்பார்த்துத்தான் இருந்தார். ஒருநாள் நானும் அத்தையும் மட்டும் களத்தில் இருந்தபோது திடீரென்று காற்று மாறியது. மலையையே காணோம், அவ்வளவு கறுப்பு. அத்தை ஒரு நொடிகூட வானத்தைப் பார்க்கவில்லை.

"அடியே, அள்ளு!"

வலையைப் பிடுங்கிவிட்டு அள்ளினோம். கொட்டகைக்கும் களத்துக்குமாக ஓடினோம். மூக்கிலும் வாயிலும் பஞ்சு. பாதியைக்கூட உள்ளே சேர்க்கவில்லை, துளி விழ ஆரம்பித்துவிட்டது. முதுகில் சடசடவென்று விழுந்தது. மீதிப் பஞ்சு எங்கள் கண்ணெதிரே அமுங்கத் தொடங்கியது. எனக்குப் போன வருஷம் ஞாபகம் வந்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் என் பின்னால் அந்தக் குரல் கேட்டது. ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, மழைத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே, கோயிலில் ஒரு வருஷமாக விழுங்கிய அந்த வரியை அத்தை முழுசாகச் சொன்னாள். ஆண்டவருடைய சித்தம் நடக்கட்டும் என்று. சொல்லிவிட்டு இன்னொரு தரமும் சொன்னாள். அவள் கை நிற்கவே இல்லை.

நான் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். நனையாத பஞ்சைவிட நனைகிற பஞ்சு அதிகமாகக் கிடந்தது.

"அத்தை, இப்பவா சொல்றீக?"

"இப்பத்தான்டி வாயில வருது" என்று கத்தினாள் அத்தை. "நீ நிக்காம தூக்கு, வெரசா!"